தொலையுணர்வுப் படச் சுருக்கத்தில் நுண்விவர இழப்பு

செயற்கைக்கோளோ தொலைநோக்கியோ பதிவுசெய்த படத்தை அனுப்பவும் சேமிக்கவும் வசதியாகச் சிறிதாக்கும்போது, அதிலிருந்த அளவீட்டின் ஒரு பகுதி மீட்க முடியாதபடி போய்விடுவதே நுண்விவர இழப்பு. இழப்பற்ற சுருக்கத்தில் ஒவ்வொரு புள்ளியும் பழைய மதிப்போடு திரும்பிவரும். ஆனால் கோப்பு பெரும்பாலும் பாதியளவுக்குத்தான் குறையும். இழப்புள்ள சுருக்கம் பத்தில் ஒரு பங்காகவும் குறைக்கும். எதைக் கைவிடுவது என்பதை அதன் விதிகளே தீர்மானிக்கும். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், நாமக்கல் மாவட்டத்தில் உள்ள பள்ளிபாளையத்தில் இது வெறும் கணினிச் சிக்கல் அல்ல. விசைத்தறிக் கூடங்கள், சாயப்பட்டறைகள், காகித ஆலை, ஓடப்பள்ளி கதவணையில் தேங்கும் காவிரி, அதில் படரும் ஆகாயத்தாமரை எல்லாம் நெருங்கிக் கிடக்கும் ஊர் இது. இங்கே படத்திடம் கேட்க வேண்டியது, எந்த வாய்க்காலின் வாயிலில் நீரின் நிறம் மாறியது, அது எவ்வளவு தூரம் பரவியது என்பதுதான். அதற்கு விடை தரும் விவரத்தையே பரவலான சுருக்க முறையான ஜேபெக் முதலில் விட்டுவிடுகிறது.

காரணம் அந்த முறையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1974 ஜனவரியில் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் வெளியிட்ட கொசைன் உருமாற்றக் கட்டுரையே 1992இல் வந்த ஜேபெக் தரத்துக்கு அடிப்படை. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 64 அலைக்கூறுகளாக மாற்றி, மென்மையான கூறுகளை நுட்பமாகவும் நுண்ணிய கூறுகளைத் தோராயமாகவும் பதிகிறது. மனிதக் கண் நுண்ணிய நிற வேறுபாட்டைச் சரியாகப் பிரித்தறியாது என்பதால், நிறத் தகவலைப் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கியே வைக்கிறது. குடும்பப் புகைப்படத்துக்கு இது அருமையான ஏற்பாடு. சாயக்கழிவைத் தேடுபவருக்கோ நிறமே சாட்சியம். 23.5 மீட்டர் பிரிதிறன் கொண்ட படத்தில் ஒரு கட்டம் 188 மீட்டர் அகலம். ஆறும் கரையும் ஒரே கட்டத்தில் சிக்கினால், கரையின் பளிச்சிடும் விளிம்பு கருநீரின் மீது போலி அலைகளாகப் படியும்.

இந்தியச் செயற்கைக்கோள்களின் வரலாறு தரவுச் சுமையோடு நடந்த நீண்ட போராட்டம். 1988 மார்ச் 17இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ ஒவ்வொரு புள்ளியையும் 7 பிட்டில், அதாவது 128 படிகளில் பதிந்தது. 1995இன் ஐ.ஆர்.எஸ்-1சி கறுப்பு வெள்ளையில் 5.8 மீட்டர் பிரிதிறனை எட்டியது. ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 64 படிகளே கிடைத்தன. கூர்மையைப் பெற ஆழத்தைக் கொடுத்தார்கள். நீர் மிகக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்பும். ஆகவே முழு ஆறும் அடித்தளத்துச் சில படிகளுக்குள் அடங்கிவிடும், தெளிநீருக்கும் கலங்கலுக்கும் இடைவெளி ஓரிரு படிதான். 2005இல் வந்த கார்ட்டோசாட்-1, 10 பிட்டில் பதிந்ததை 3.2க்கு 1 என்ற விகிதத்தில் ஜேபெக் முறையில் சுருக்கி அனுப்பியது. 2011இன் ரிசோர்ஸ்சாட்-2 வேறு வழியில் போனது: அண்டைப் புள்ளிகளுக்கிடையிலான வித்தியாசத்தை மட்டும் குறியிட்டு 10 பிட்டை 7 பிட்டாக்கியது. இதில் பிழை சேர்வது பெரிதும் திடீர் விளிம்புகளில். சீரான நீர்ப்பரப்பு ஏறக்குறைய அப்படியே தப்பும். ஆற்றைப் படிப்பவருக்கு இரண்டாவதே நல்லது என்பேன். கட்டட வரைபடம் தீட்டுபவர் மாறாகச் சொல்லக்கூடும்.

சுருக்கத்தின் இழப்பைப் பெரிதாகப் பார்ப்பதற்கு எதிரான வாதங்கள் பலமானவை. சுருக்காமல் அனுப்ப அலைவரிசையே போதாது என்பது உண்மை. கரும்புப் பரப்பைக் கணக்கிட மிதமான சுருக்கம் தடையில்லை என்பதும் உண்மை. அகன்ற வயலின் சராசரி பெரிதாகக் கெடாது. கருவியின் சொந்த இரைச்சலே சுருக்கப் பிழையைவிடப் பெரியது, இரைச்சலைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு பாடு என்பது மூன்றாவது வாதம். இதுதான் ஆழமாகத் தோன்றும். ஆனால் இரண்டு பிழைகளும் ஒரே இனமல்ல. இரைச்சல் புள்ளிக்குப் புள்ளி தன்போக்கில் மாறும். நூறு நீர்ப்புள்ளிகளின் சராசரி எடுத்தால் பத்தில் ஒன்றாகக் குறையும். கட்டத்தோடு ஒட்டிப் பிறந்த சுருக்கப் பிழை அண்டைப் புள்ளிகளில் சேர்ந்தே நகர்வதால் சராசரியில் அப்படிக் கரையாது. அலைவரிசை வாதமோ வானில் மட்டுமே செல்லும். அங்கே நேரும் இழப்பின் முறையும் விகிதமும் ஆவணத்தில் இருக்கும். தரையில், வரைபடத் தளத்தில் காட்டுவதற்காக 8 பிட்டாக்கி, திரையிலிருந்து வெட்டி, வாட்ஸப்பில் அனுப்பும்போது நேரும் இழப்புக்கு எந்தப் பதிவும் இல்லை. அப்படிப்பட்ட படத்தை வைத்துச் சாயநீர் கலந்தது என்றோ கலக்கவில்லை என்றோ சாதிப்பது இரு தரப்புக்கும் அநீதி.

முதல் பதிவு கையில் இருந்தால் இழப்பைத் திருத்தலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட கால்சியம் ஒளிப்படத் தகடுகள் முன்பு 8 பிட்டில் எண்மமாக்கப்பட்டன. அது போதவில்லை என்று கண்டபின் 4096க்கு 4096 புள்ளிகளில், 16 பிட்டில் மீண்டும் எண்மமாக்கினார்கள். தகடுகள் கையில் இருந்ததால் அந்தத் திருத்தம் சாத்தியமானது. ஐ.ஆர்.எஸ்-1சி பள்ளிபாளையத்துக் காவிரியை 64 படிகளில் பதிந்த படத்துக்குப் பின்னால் அத்தகைய தகடு எதுவும் கிடையாது.