பத்து மணிக்கு மேல பரளச்சி: கரிசல் காட்டின் நைட் லைஃப்

நைட் லைஃப்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? பாலி, புக்கெட், கோவா. கடற்கரை, கலர் லைட், பாட்டு, ஆட்டம், கடைசியில ஒரு சூரிய உதயம். இன்னைக்கு நாம போகப்போறது கடலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்கம். விருதுநகர் மாவட்டத்துல அருப்புக்கோட்டை, திருச்சுழி சுத்துவட்டாரம், அங்கே பரளச்சி. பருத்தி, மிளகாய், மல்லி விளையுற மானாவாரி பூமி. 1985 வரைக்கும் இது பழைய ராமநாதபுரம் மாவட்டம். சினிமாவுல அதிகாரியை மிரட்டும்போது "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்"னு சொல்வாங்களே, அந்தச் சீமைதான்.

இங்கே நைட் லைஃப் இருந்ததா? இருந்தது. சாயங்காலம் முடிஞ்சு பத்து மணிக்கு ஆரம்பிச்சு, விடியும்வரை போகும். டிக்கெட் கிடையாது. பாட்டி, பேத்தி, கைக்குழந்தைனு ஊரே பாயோட வந்து உட்காரும். அதோட பேரு ஸ்பெஷல் நாடகம்.

முதல்ல, ஏன் ராத்திரி? இந்தப் பகுதியின் விவசாயக் காலண்டரைப் பாருங்க. ஐப்பசி மழையை நம்பி விதைப்பு, தை மாசத்துல இருந்து அறுவடை. பங்குனி, சித்திரை, வைகாசியில காட்டுல பெருசா வேலை இல்லை. கையில கொஞ்சம் காசு இருக்கும், கண்மாயில தண்ணி இருக்காது, பகல்ல வெளியே நிக்க முடியாது. அந்த மாசங்கள்லதான் அம்மன் கோயில் பொங்கலும் கொடையும் வரும். ஊர்க்கூட்டம் போட்டு வீட்டுக்கு இவ்வளவுனு வரி பிரிப்பாங்க. அந்தப் பணத்துல ஒரு பங்கு நாடகத்துக்கு. அதாவது இது ஊரே கூட்டாகக் காசு போட்டு வாங்குற ஒரு ராத்திரி.

அடுத்து, ஏன் "ஸ்பெஷல்"? நாடகக் கம்பெனினா எல்லாரும் ஒரே இடத்துல தங்கி, ஒத்திகை பார்த்து, சேர்ந்தே ஊர் ஊராகப் போவாங்க. ஸ்பெஷல்ல அப்படி இல்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர். பபூன், டான்ஸ் நடிகை, ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாரையும் தனித்தனியா பேசி அட்வான்ஸ் கொடுத்து வரவழைப்பாங்க. ஒத்திகையே கிடையாது. அன்னைக்கு ராத்திரிதான் மேடையில சந்திப்பாங்க. ஆனாலும் எட்டு மணி நேர நாடகம் நடந்துடும். எப்படி?

அதுக்குக் காரணம் ஒரு மனுஷர். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரினு அவர் எழுதின நாடகங்களை எல்லாக் கலைஞர்களும் மனப்பாடமா வச்சிருந்தாங்க. பாட்டு நிலையானது. நடுவுல வர்ற வசனமும் தர்க்கமும் அவங்கவங்க சாமர்த்தியம். வள்ளி திருமணத்துல வள்ளிக்கும் நாரதருக்கும், அப்புறம் வள்ளிக்கும் வேடனா வர்ற முருகனுக்கும் நடக்குற தர்க்கம் மணிக்கணக்கா நீளும். ராப் பேட்டில் பார்த்திருப்பீங்கல்ல? கிட்டத்தட்ட அதுதான். யார் மடக்குறாங்கனு ஊரே தூங்காம கேட்கும்.

இன்னொரு சுவாரசியம், மேடைக்குப் பின்னாடி தொங்குற சீன். அரண்மனை, தெரு, காடுனு துணியில வரைஞ்சிருக்கும். வெளியே பொட்டல், மேடையில பச்சைப் பசேல்னு தினைப்புனம். நாம இயற்கைக் காட்சி பார்க்க ஃபிளைட் ஏறுறோம். இந்த ஊர்களுக்கு அது சுருட்டி வச்ச துணியா வந்து இறங்குச்சு.

இப்போ தீவுக்கு வருவோம். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தாங்க. அதே வருஷம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓட ஆரம்பிச்சது. ரயில், கப்பல், மறுபடி ரயில்னு கொழும்புக்குப் போயிடலாம். இதுதான் போட் மெயில். நம்ம நாடகக் கலைஞர்களுக்குக் கொழும்பு ஒரு முக்கியமான மேடை. அங்கேதான் 1920-களில் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஜோடியா நடிச்சாங்க. மைக் இல்லாத காலம். கடைசி வரிசை வரைக்கும் குரலாலேயே தொடணும். ரெண்டு பேரும் தொட்டாங்க. 1927-ல் கல்யாணம். 1933 டிசம்பர்ல, முப்பது வயசுகூட ஆகாத கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினாங்க. பிறகு 1935-ல் வந்த 'நந்தனார்' படத்துக்கு அவங்க வாங்கின சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்!

ஆனா எல்லாருக்கும் இந்த ராத்திரி லட்சம் கொடுக்கலை. அதைத்தான் இன்னைக்குச் சொல்ல வந்தேன்.

சிவகாசியில 1886-ல் பிறந்தவர் விஸ்வநாததாஸ். முருகன் வேஷத்துல புகழ்பெற்றவர். சவரத் தொழில் செய்யும் சமூகத்துல பிறந்ததால, அவரோட சேர்ந்து நடிக்க மாட்டோம்னு சொன்ன நடிகைகள் இருந்தாங்க. அவர் வள்ளி திருமணத்துக்குள்ளேயே சுதந்திரப் பாட்டைப் பாடினார். தினைப்புனத்துல பறவை விரட்டுற காட்சியில, வெள்ளைக் கொக்குனு சொன்னா அது யாருனு கூட்டத்துக்குப் புரியும். போலீசுக்கும் புரியும். நாடகங்களைத் தடுக்க 1876-லேயே பிரிட்டிஷ் அரசு தனிச் சட்டம் போட்டிருந்தது. தாஸ் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர். முருகன் வேஷத்தோட மேடையிலேயே உயிர் போச்சு.

பெண்களுக்கு விலை இன்னும் அதிகம். ஊர் முழுக்கக் கைதட்டும். ஆனா அடுத்த நாள் காலையில பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது அதே ஊர் "கூத்தாடி"னு சொல்லும். ராத்திரியில வெளியே போய்ச் சம்பாதிக்குற பொம்பளைனு ஒரு பார்வை. அம்மனுக்காக நடத்துற நாடகத்துல நடிச்சாலும் அந்தப் பார்வை மாறலை.

இன்னைக்கு நிலைமை? 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி பத்து மணியில இருந்து காலை ஆறு மணி வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் வரைக்கும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். விதியில நியாயம் இருக்கு, தூக்கமும் உரிமைதான். ஆனா பத்து மணிக்கு ஆரம்பிக்குற ஒரு கலைக்கு, பத்து மணிக்கு முடியுற சட்டம். பன்னிரண்டு மணிக்கு நிறுத்தினா வள்ளியும் முருகனும் இன்னும் சந்திச்சிருக்கவே மாட்டாங்க. இன்னொரு பக்கம், அதே திருவிழாப் பணம் ரெண்டு மூணு மணி நேரத்துல முடியுற ஆடல் பாடலுக்குப் போகுது.

சிட்டியில கடைகள் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கணும், நைட் லைஃப் வேணும்னு நாம கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். கூடவே, நம்ம ராத்திரிக்காக முழிச்சிருக்குறவங்களைப் பகல்ல எப்படி நடத்துறோம்னும் கேட்டுக்கணும். டிஜே, பார் ஊழியர், ஈவென்ட் டான்ஸர் எல்லாருக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

அடுத்த பங்குனி, சித்திரையில மதுரை, அருப்புக்கோட்டைப் பக்கம் போனா சுவத்துல நாடக நோட்டீஸ் ஒட்டியிருக்கானு பாருங்க. கலைஞர்களோட படமும் பேரும் ஊரும் வரிசையா இருக்கும். பேரைப் படிச்சுட்டுப் போய் உட்காருங்க. பபூன் காமிக் முடிஞ்சதும் எழுந்துடாதீங்க, தர்க்கம் அதுக்கு அப்புறம்தான். ஒரு பாயும் போர்வையும் மறக்காம எடுத்துக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.