காவல் என்னும் சொல்லும் கற்பிட்டிக் கோட்டையும்



'வாட்ச்' என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது மணிக்கட்டிலே கட்டும் கடிகாரம். ஆங்கிலத்திலோ அச்சொல்லின் வேர்ப்பொருள் விழித்திருத்தல் என்பதாகும். துயில் நீங்குதலைக் குறிக்கும் 'வேக்' என்னும் சொல்லும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். உறங்காதிருத்தல் என்ற பொருளிலிருந்து காவல் செய்தல் என்ற பொருள் கிளைத்தது. பின்னர் காவற்காரனையும், அவன் விழித்திருக்கும் பொழுதையும் அச்சொல் குறிக்கலாயிற்று. 15ஆம் நூற்றாண்டிலே துயிலெழுப்பும் மணிக்கூட்டுக்கு வழங்கிய அப்பெயர், அடுத்த நூற்றாண்டிலே சிறு கடிகாரத்தைச் சென்றடைந்தது. மாலுமிகள் தம் நாலு மணி நேர முறைக்காவலை இன்றும் அச்சொல்லாலேயே குறிப்பர். நம் முன்னோரும் ஏழரை நாழிகைப் பொழுதை யாமம் என்று வகுத்து, இரவிலே ஊர் காத்தோரை யாமங்காவலர் என்றனர்.

எனினும், காவல் என்பது யாருக்காக? இக்கேள்விக்குப் புத்தளக் கரையின் வரலாறு விடை கூறுகின்றது.

புத்தளக் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. கண்டி மன்னனாகிய இரண்டாம் இராசசிங்கன், போர்த்துக்கேயரை இந்நாட்டினின்றும் அகற்றும்பொருட்டு 1638ஆம் ஆண்டிலே ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்துகொண்டான். தன் கரைகளுக்குக் காவலாவார் என்று அவன் நம்பிய அந்த ஒல்லாந்தர், 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றினர். ஆனால் அதை மன்னனிடம் ஒப்படைத்தாரில்லை. 1667 முதல் 1676 வரை அங்கே கோட்டை எழுப்பினர். பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் கொண்டு எழுந்த அக்கோட்டை, ஏரிக்குள் வந்து போகும் கலங்களைக் கண்காணித்து நின்றது. புத்தளமோ கண்டி இராச்சியத்தின் வாணிகத்துக்கு ஒரு வாயில். ஆகவே கோட்டையின் காவல் கண்டியின் கழுத்திலே இட்ட சுருக்காயிற்று. 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையாலே கண்டியரசு கடற்கரை முழுவதையுமே ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. காவலர் மாறினர்; காவலின் நோக்கம் மாறவில்லை.

நேயர்களே, நம் மொழி இவ்வுண்மையை முன்னரே அறிந்திருந்தது போலும்! காவல் என்றால் பாதுகாப்பு. காவல் என்றால் சிறையும் ஆகும். காப்பாற்றுகின்றவனுக்கும் அடைத்து வைக்கின்றவனுக்கும் ஒரே சொல். இராசசிங்கன் முதற்பொருளை நாடினான். அவன் நாட்டுக்குக் கிட்டியதோ இரண்டாவது பொருள்.

இதே கரையிலே மற்றொரு காவலும் உண்டு. அதற்குக் கொத்தளமும் இல்லை, பீரங்கியும் இல்லை. பருவம் நோக்கி மணலிலே வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவர், இரவிலே கடல் மேற் செல்கின்றனர். காற்றுத் திரும்பும் நாளிலே கரையில் இருப்போர்க்கு உறக்கம் ஏது? தோணியின் விளக்குத் தெரிகின்றதா என்று இருட்டைத் துழாவி நிற்கின்றனர். காத்தல் என்னும் வினையினின்றே காத்திருத்தலும் வந்தது என்பதை அவர்களிடத்தே காணலாம். ஆங்கிலச் சொல்லின் ஆதிப்பொருளாகிய விழித்திருத்தலும் அதுவே.

இன்று கோட்டை கடற்படை முகாமுக்குள் இருக்கின்றது. கடல் அமைதியுறும் மாதங்களிலே டொல்பின்களையும் திமிங்கிலங்களையும் காணக் கற்பிட்டிக்குப் பலர் வருகின்றனர். அதற்கும் அந்த 'வாட்ச்' என்ற சொல்லே வழங்குகின்றது. அங்கே பார்வை உண்டு, காவல் உண்டா? பார்ப்போரின் படகுகள் அவ்வுயிர்களைத் துரத்தாமல் விலகி நின்றால் உண்டு.

கோட்டைக்காரனும் விழித்திருந்தான், மீனவன் மனைவியும் விழித்திருந்தாள். முன்னவன் பிறர் மீது கண் வைத்தான்; பின்னவள் பிறர்க்காகக் கண் வைத்தாள். காவலைப் புகழ்வதற்கு முன், அவ்விரண்டில் அது எது என்று கேட்டறிவது நம் கடன்.