ஞான ஒடுக்கம்

பெங்களூரு மர்பி டவுனில் ஆட்டோக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம்: "சந்து ஒடுக்கம்ண்ணே, முனையிலேயே நிறுத்திடுங்க." கீழே விழுந்த குடத்தில் இருப்பதும் ஒடுக்குதான். இந்த 'ஒடுக்கம்' என்ற சொல்லை என் பாட்டி தவக்காலத்தில் வேறு குரலில் சொல்வார்: "நாளையிலேருந்து மூணு நாள் ஞான ஒடுக்கம். அடுப்ப நீங்க பாத்துக்கங்க." வீட்டையும் பேச்சையும் விட்டுச் செபத்தில் இருந்துவிட்டு வருவதற்குக் கத்தோலிக்கத் தமிழர் வைத்த பெயர் அது. இப்போது அறிவிப்புத் தாளில் 'தியானம்' என்று வருகிறது. பிள்ளைகள் 'ரிட்ரீட்' என்கிறார்கள்.

ரிட்ரீட் என்றால் பின்வாங்குதல். படையிலும் வழங்கும் சொல். முகாம்களில் பொழுது சாய்ந்து கொடி இறக்கும்போது ஊதுவதற்கும் அதே பெயர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படை முகாமுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு அது புதிதல்ல. முப்பது நாள் ஒடுக்கத்தை வகுத்த இஞ்ஞாசியாரும் படைவீரர்தான். 1521இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. படுக்கையில் மனம் திரும்பினார். மன்ரேசாவில் செபித்து எழுதத் தொடங்கிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548இல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றது. அவருடைய இயேசு சபையைச் சேர்ந்த தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தார்.

ஒடுக்கம் என்ற சொல்லோ அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தது. சைவ சித்தாந்தத்தில் உலகம் தோன்றி ஒடுங்கும். தமிழ் முஸ்லிம்கள் சஃபர் மாதக் கடைசிப் புதனை 'ஒடுக்கத்துப் புதன்' என்பார்கள். குறளில் 'காலமறிதல்' அதிகாரத்தைப் பாருங்கள்: ஊக்கம் உள்ளவனின் ஒடுக்கத்தை, மோதுவதற்காகப் பின்னுக்குக் கால் வாங்கும் ஆட்டுக்கடாவுக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். ஞான ஒடுக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கண்டதில்லை. 'தியானம்' அழகான சொல், ஆனால் அதில் இந்தப் பின்வாங்கலும் இல்லை, திரும்பி வருதலும் இல்லை.

தொடங்கு, தொடக்கம், அடங்கு, அடக்கம், அப்படியே ஒடுங்கு, ஒடுக்கம். ஒடுங்கு தன்வினை, ஒடுக்கு பிறவினை. ங்-க்கும் க்-க்கும் உள்ள இந்த வேறுபாட்டை எங்கள் பகுதி இலக்கணம் படிக்காமலே அறியும். முன்பு இது நாக்ஸ்பேட்டை. கண்டோன்மென்டின் அடிமட்ட வேலைகளைச் செய்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வாழ்ந்தன. ஒடுக்கப்பட்டோர் என்று அரசியல் மேடைகள் சொல்வது எங்களையும் சேர்த்துத்தான். ஊர் ஒடுக்கியது பிறவினை. அதே மக்கள் யாரும் சொல்லாமல் தாங்களாகக் கடவுள்முன் ஒடுங்கியது தன்வினை. இரண்டையும் ஒன்றாக்கி, செபம் ஏழைகளை அடங்கிக் கிடக்கச் செய்கிறது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பாட்டி ஆண்டு முழுவதும் காலை நாலரைக்கு எழுவார். பீரோவுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில் மடித்த பாய் அளவு இடம். செபமாலையைக் கையில் எடுத்தால் உதடு அசையாது, கட்டைவிரல் மட்டும் மணி மணியாக நகரும். ஒவ்வொரு பத்தும் முடியும்போது தொங்கும் சிலுவை பீரோக் கதவில் 'டிக்' என்று படும். கடைசி 'டிக்'குக்குப் பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். அந்த இருப்பைக் கலைக்க எங்களில் யாருக்கும் துணிவு வந்ததில்லை. பிறகு எழுந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போவார். வரிசையில் தன் முறையை ஒருநாளும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பங்கு அறிவிப்பு எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த தவக்காலத்துத் தாளில் 'ஞான ஒடுக்கம்' என்றே எழுதுங்கள். பிள்ளைகள் பொருள் கேட்டால் ஆட்டுக்கடாவைச் சொல்லுங்கள்.