தோட்டப் பாடசாலையும் தண்டற் பணமும்: பண்டாரவளைப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோப்பி, தேயிலைப் பயிர்ச்செய்கையின் வளர்ச்சியையும், குடியுரிமைச் சட்டங்களையும், தொழிற்சங்கப் போராட்டங்களையுமே பெரிதும் ஆராய்வர். இவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. எனினும், தோட்டத்துப் பிள்ளையொன்று ஐந்தாந் தரம் வரையேனும் கற்பதற்கு யார் பணம் கொடுத்தனர் என்னும் எளிய வினாவை எழுப்பி விடை தேடுவோமாயின், அச்சமூகத்தின் வரலாறு வேறொரு கோணத்திற் புலப்படக் காணலாம். ஊவா மாகாணத்தின் பண்டாரவளைப் பகுதியை மையமாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்டங்கள் கூறுவனவற்றோடு, அப்பகுதித் தோட்டமொன்றிற் கற்ற இக்கட்டுரையாசிரியனின் இளமை நினைவுகள் சிலவும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

சட்டமும் கூலியும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1894ஆம் ஆண்டு பண்டாரவளையை வந்தடைந்தது; பதுளையை அடைய மேலும் முப்பதாண்டுகள் சென்றன. 1890ஆம் ஆண்டிலேயே தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னையை வாங்கித் தொழிற்சாலை நிறுவியிருந்தார். தேயிலைப் பெட்டிகளை இறக்கும் வழி இவ்வாறு செப்பமாக அமைந்துவிட்ட காலத்தில், அத்தேயிலையைக் கொய்தோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் வழி பற்றி அரசு சிந்திக்கத் தொடங்கவில்லை. 1854ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்க் கூலி மிசன் போன்ற சமயப் பணிகளும், கங்காணிமார் சிலர் தம் செலவில் நடத்திய லயத்துப் பள்ளிகளும், உழைத்துக் களைத்த பிள்ளைகள் மாலையிற் கூடிய இராப்பள்ளிகளுமே அன்றிருந்த கல்வி ஏற்பாடுகள் எனலாம்.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமே முதன்முதலாகத் தோட்ட உரிமையாளர் மீது ஒரு கடமையைச் சுமத்திற்று. ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்கல் வேண்டும் என்பது அதன் சாரம். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் இக்கடமையை வலியுறுத்தி, அவ்வயதுப் பிள்ளைகளை முற்பகல் 10 மணிக்கு முன் வேலைக்கு அமர்த்துதலைத் தடை செய்தது. இவ்விதி ஆழ்ந்து நோக்கற்பாலது. பத்து மணி வரை மாணவன், அதன்பின் தொழிலாளி என்னும் நிலையைச் சட்டமே ஏற்றுக்கொண்டமை இதனாற் பெறப்படும்.

இதன் காரணம் கூலிக் கணக்கில் உள்ளது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், மலையுயர்ந்த தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் எனக் கூலி விதிக்கப்பட்டது. பெற்றோர் இருவரின் ஒருநாள் உழைப்பு ஒரு ரூபாவைக்கூட எட்டாத குடும்பத்தில், பிள்ளையின் 32 சதம் எத்துணைப் பெரிது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எனவே, பிள்ளையொன்று பாடசாலைக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு நாளும் அக்குடும்பம் ஒரு தொகையை இழந்தது. தோட்டக் கல்விக்கான முதல் நன்கொடை பெற்றோர் துறந்த அக்கூலியே. எந்தப் பற்றுச்சீட்டிலும் அது பதியப்படவில்லை.

கொடுத்தோர் வரிசை

வறியோராகிய இத்தொழிலாளர் பொதுநிதிகளுக்குக் கொடுத்தோர் வரிசையில் வெகுகாலமாகவே நின்றுள்ளனர். 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மகாத்மா காந்தி கதர் நிதி திரட்டும் பொருட்டு இலங்கை வந்தபோது, கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களோடு மலைநாட்டில் பதுளைக்கும் அற்றனுக்கும் சென்றார். கடல்கடந்த நாட்டில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரும் இந்திய நெசவாளரின் நலனுக்கெனத் தம் காசை அளித்தனர். சதங்களைக் கூட்டிப் பொதுக் காரியம் ஒன்றை ஆற்றலாம் என்னும் எண்ணம் மலைநாட்டிற் பரவுதற்கு இத்தகைய நிகழ்ச்சிகள் துணைபுரிந்தன என்று கருத இடமுண்டு.

நாட்டின் ஏனைய பகுதிகளிலும் அக்காலம் நிதித் திரட்டல்களின் காலமாகவே விளங்கியது. முதலாம் உலகப் போரில் ஈடுபட்ட படைவீரரின் நலனுக்காக நவம்பர் 11ஆம் நாளில் பொப்பி மலர் விற்கப்பட்டது. இதற்கு எதிராக, 1930களின் முற்பகுதியில் சூரிய மலர் இயக்கம் எழுந்தது. திரட்டும் பணம் இந்நாட்டு வறியோருக்கே பயன்படல் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் வாதம். அவ்வியக்கத்தினர் 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது நிவாரணப் பணியிலும் ஈடுபட்டனர். காசு கொடுக்கும் செயலினுள்ளும் அரசியல் உண்டென்பதை இவ்விரு மலர்களின் போட்டி உணர்த்தும்.

இலவசக் கல்வியும் ஐந்தாந் தரமும்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இத்திட்டம் தோட்டங்களை எட்டவில்லை என்று பொதுவாகக் கூறப்படும். இக்கூற்றைச் சிறிது விளக்குதல் தகும். தோட்டப் பாடசாலைகளிற் பொதுவாகக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. கட்டணமே இல்லாத பள்ளியிற் கட்டணத்தை நீக்குதலால் விளையும் பயன் யாது? அப்பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டன ஐந்தாந் தரத்துக்கு மேற்பட்ட வகுப்புகள், பயிற்றப்பட்ட ஆசிரியர்கள், மழைக்கு ஒழுகாத கூரை ஆகியனவே. மத்திய பாடசாலைகளும் புலமைப்பரிசில்களும் நாட்டுப்புறப் பிள்ளைக்கு மேலே ஏறுவதற்கு ஏணி அமைத்தன. அவ்வேணியின் அடிப்படி தோட்ட எல்லைக்கு வெளியே நின்றது.

1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க வழிவகுத்ததெனினும், 1951ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியைக் குறுக்கிவிட்டது. இவ்விரண்டுக்குமிடையே, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியமை மனங்கொள்ளத்தக்கது. வாக்கில்லாதோரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை கட்ட வேண்டிய நெருக்குதல் எவ்வரசுக்கும் இருக்கவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே விடப்பட்டன.

ஒரு தண்டற் கொப்பி

இக்கட்டுரையாசிரியன் 1960களின் இறுதியிற் கற்ற பாடசாலை, பண்டாரவளையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள தோட்டமொன்றில், பிள்ளைக்காம்பராவை அடுத்து அமைந்திருந்தது. ஒரே மண்டபம், ஐந்து வகுப்புகள், ஓர் ஆசிரியர். முதலாந் தரத்தினர் ஒரு மூலையில் மணலில் எழுத, ஐந்தாந் தரத்தினர் மறுமூலையில் வாய்பாடு ஒப்பிப்பர். பனிக்காலத்திற் கூரைத் தகரத்தின் துளைகளினூடாக நீர் சொட்டும். புதிய தகரத்துக்காக ஆசிரியர் பலமுறை விண்ணப்பித்தும் நிருவாகம் இசையவில்லை. இறுதியில், ஊரே தகரம் வாங்குவதென முடிவாயிற்று.

தண்டலுக்கெனச் சில ஒழுங்குகள் வகுக்கப்பட்டன. நான்காம், ஐந்தாந் தரத்துப் பிள்ளைகள் இருவர் இருவராகச் சம்பள நாள் மாலையில் லயங்களுக்குச் செல்வர். ஒருவர் கையில் மூடியிற் கீறல் இடப்பட்ட பால்மா ரின், மற்றவர் கையில் கொப்பி. ஐந்து சதம் கொடுத்தாலும் பெயர் எழுதப்படல் வேண்டும் என்பது ஆசிரியரின் கண்டிப்பான கட்டளை. ஞாயிற்றுக்கிழமைகளிற் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்த பெண்கள் அதிலொரு பங்கைத் தந்தனர். காசில்லாதார் பிடியரிசியோ, இரண்டு முட்டையோ, தோட்டத்து மரக்கறியோ கொடுத்தனர். அவை பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் விற்கப்பட்டுப் பணமாக்கப்பட்டன. இளைஞர்கள் அரிச்சந்திர நாடகம் ஆடி, அதன் வசூலையும் சேர்த்தனர். வெள்ளிக்கிழமைச் சரசுவதி வழிபாட்டின்பின் அவ்வாரத்துப் பெயர்களும் தொகைகளும் உரக்க வாசிக்கப்படும். எமக்குக் கூட்டற் கணக்கு உண்மையாக விளங்கியது அக்கொப்பியினாலேயே.

தோட்டத்திற் கணக்கெழுதும் அதிகாரம் கணக்கப்பிள்ளைக்கு உரியது. செக்றோலில் தம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, சம்பளத்தில் எவ்வளவு ஏன் கழிக்கப்பட்டது என்பதைத் தொழிலாளர் பலர் அறியார். அத்தகைய ஓரிடத்தில், பத்து வயதுப் பிள்ளையொன்று அவர்கள் பெயரை எழுதி, எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டியமை சிறிய செயலன்று. ஊரார் தம் கணக்கைத் தாமே கேட்டறிந்த முதல் ஏடு அதுவெனலாம்.

தகரம் வந்தது. ஆனால் கொப்பியின் பிற்பகுதி வேறொரு வரலாற்றைக் கூறுவதாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் மக்களிற் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் நிலையைப் பின்னர் முடிவு செய்யுமாறு விட்டது. 1970களில் எமது தோட்டத்திலும் குடும்பங்கள் புறப்படலாயின. பண்டாரவளை நிலையத்திற் புகையிரதம் ஏறியோர் தலைமன்னார் சென்று இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். ஆசிரியர் அவர்கள் பெயரை வெட்டவில்லை. பக்கத்தில் ‘இந்தியா’ என்று மட்டும் எழுதிவைத்தார். கூரைக்குக் காசு கொடுத்தோரிற் பலர் அக்கூரையின்கீழ்த் தம் பிள்ளைகள் கற்பதைக் காண இங்கு இருக்கவில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கொடுமையாக வாட்டிப் பலரைப் பட்டினிக்குப் பலியாக்கியது. அவ்வாண்டுகளுக்குரிய பக்கங்கள் எமது கொப்பியில் வெறுமையாகவே இருந்தன. பாடசாலை வரவும் அவ்வாறே குறைந்தது.

அரசு வந்த பின்னர்

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின், 1977ஆம் ஆண்டு முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாற் பொறுப்பேற்கப்பட்டன. 1907ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடின் எழுபதாண்டுத் தாமதம் இது. 1980களிற் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞரே ஆசிரியராக நியமனம் பெற்றனர். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. இவற்றின் பயனாகத் தோட்டப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களை எட்டினர். 2005ஆம் ஆண்டு பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. எனினும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் பெயரால் தண்டல் இன்றும் தொடர்கின்றது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையிற் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்களை மூடியது. முன்னரே பாடசாலைக்குப் புறப்பட்டிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவருட் சிலர் பெற்றோரை இழந்தனர். எஞ்சிய குடும்பங்கள் கொஸ்லாந்தை ஸ்ரீ கணேசா தமிழ் வித்தியாலயத்திலும் பூணாகலைத் தமிழ் வித்தியாலயத்திலும் தங்க வைக்கப்பட்டன. நாடெங்குமுள்ள மாணவர் அவர்களுக்கெனப் பணமும் பொருளும் திரட்டினர். ஒரு காலத்தில் தாம் கட்டிய பாடசாலைகளே இம்மக்களுக்கு உயிரும் உறைவிடமும் அளித்தன. ஆயின், அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 75 குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016ஆம் ஆண்டிலாகும். நிவாரண நிதி சில நாட்களில் திரண்டது. பாதுகாப்பான காணித்துண்டு மட்டும் உரிய காலத்திற் கிடைக்கவில்லை.

கொடையும் உரிமையும்

மேற்கூறியவற்றிலிருந்து இரு முடிபுகள் பெறப்படும். முதலாவது, தோட்டப் பாடசாலை துரைமார் அளித்த தருமமோ அரசு அளித்த சலுகையோ மட்டுமன்று. அதன் கூரையிலும் சுவரிலும் தொழிலாளரின் சதங்கள் உள்ளன. ‘கல்வியில் அக்கறையற்ற சமூகம்’ என்னும் பழைய பழியை மறுக்க இஃதொன்றே போதும். இரண்டாவது, இச்சதங்களைப் போற்றுவதில் ஓர் அபாயமும் உண்டு. வறியோரின் கொடையைப் புகழ்ந்து புகழ்ந்து, அவர்களுக்கு உரியதைக் கொடாதிருத்தல் எளிதாகிவிடும். கூரைக்குத் தகரம் வாங்கித் தந்த மக்கள் பாராட்டுக்குரியர். அதனை அவர்களே வாங்க நேர்ந்தமை கண்டனத்துக்குரியது. இரண்டையும் ஒருசேரக் கூறாத வரலாறு அரைகுறையானதே.

இவ்வரலாற்றுக்கான மூலங்கள் அரச சுவடிக்கூடத்தில் மட்டும் இல்லை. பழைய தலைமையாசிரியர்களின் பெட்டிகளிலும், கோயிற் பரிபாலன சபைகளின் அலுமாரிகளிலும், தமிழகத்திற் குடியேறியோரின் வீடுகளிலும் வரவுப் பதிவேடுகளும், நாடகத் துண்டுப் பிரசுரங்களும், தண்டற் கொப்பிகளும் கறையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கின்றன. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தத்தம் தோட்டத்துப் பாடசாலையின் ஏடு ஒன்றையேனும் தேடிப் படியெடுத்து வருவாராயின், எந்தச் சட்ட நூலிலும் இடம்பெறாத ஆயிரக்கணக்கான பெயர்கள் வரலாற்றில் ஏறும். தமிழ்ச் சங்கம் இதனைத் தன் வருங்காலப் பணிகளுள் ஒன்றாக ஏற்றல் நன்று.