புகைக்குள் மறைந்த கைகள்

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஐலாத் தீவின் புகைமணம் கமழும் விஸ்கியை ஒரு மிடறு பருகி, சுங்கான் புகையிலை கலந்து சுற்றிய சுருட்டை இழுத்து, இரண்டின் சுவையையும் ஒப்பிட்டு மகிழ்வது வசதிபடைத்தோர் சிலரின் பொழுதுபோக்காகும். ஒன்றிலே கடலுப்பையும் மற்றொன்றிலே பதனிட்ட தோலின் வாசனையையும் கண்டதாக அவர்கள் நுணுக்கமாக வருணிப்பர். குடியையும் புகையையும் புகழ்தல் எமது நோக்கமன்று. ஆயினும், அந்தச் சுவை எவ்வாறு உண்டாயிற்று என வினவுதல் வரலாற்று மாணவரின் கடமையாகும்.

ஐலாவில் மரம் அரிது. சதுப்பு நிலத்திலே தாவரங்கள் முற்றாக அழுகாது படிந்த பீற் என்னும் கரிமண்ணே அங்கு விறகாயிற்று. குடியானவர் அதனை வெட்டி உலர்த்திக் குளிர்காய்ந்தனர்; முளைவிட்ட வாற்கோதுமையையும் அந்நெருப்பிலேயே காயவைத்தனர். அப்புகையின் பீனோல் தானியத்தில் ஏறியது. நெடி மிகுந்த விஸ்கிகளுக்கான தானியத்தில் அதன் அளவு பத்து இலட்சத்தில் 40 பங்கையும் தாண்டும். 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை நிலக்கரியைக் கொண்டுசேர்த்த இடங்களில் இப்புகைமணம் படிப்படியாகக் குன்றிற்று. தீவிலோ அது நிலைத்தது. வறுமையின் எரிபொருளே பின்னர் உயர்குடியின் சுவையாயிற்று எனலாம்.

ஆனால், பீற் வெட்டிய மக்கள் எங்கே? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐலாவில் ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்தனர். நிலவுடைமையாளர் குத்தகைக் குடிகளை அகற்றியமையாலும், 1846இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தாலும் பல்லாயிரவர் கனடா முதலிய நாடுகளுக்குக் கப்பலேறினர். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் தீவின் குடித்தொகை 3,228 மட்டுமே. 1815இலும் 1816இலும் தோன்றிய வடிசாலைகளின் பெயர்கள் உலகெங்கும் பரவின. வெளியேறியோரின் பெயர்கள் எந்தப் புட்டியிலும் இல்லை.

சுருட்டிலே கலக்கும் சுங்கான் புகையிலையின் கதையும் இத்தகையதே. அதற்குப் புகைமணம் தருவது லத்தாக்கியா என்ற இலை. சிரியாவின் துறைமுகமொன்றின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. அங்குள்ள மலைக் குடியானவர் இலைகளைக் கூரையின்கீழ்த் தொங்கவிட்டு, விறகுப் புகையிலே கருமையாக்கினர். 1883இல் ஒட்டோமன் அரசு புகையிலையின் ஏகபோக உரிமையை ஐரோப்பிய வங்கியாளரின் றெஜி நிறுவனத்துக்கு வழங்கியது. அதன்பின் அனுமதியின்றிப் பயிரிடவோ, விரும்பியவருக்கு விற்கவோ உழவனுக்கு உரிமையில்லை. தன் அடுப்புப் புகையூட்டிய இலையின் விலையைத் தானே பேச இயலாதவனானான் அவன்.

எனினும், உழைப்பாளர் வாளாவிருந்தனர் என எண்ணுதல் தவறாகும். 1865இல் ஹவானாவின் எல் பிகாரோ தொழிற்சாலையிலே, சுருட்டுச் சுற்றுவோர் தம் நடுவே ஒருவரை அமர்த்திப் பத்திரிகைகளையும் நூல்களையும் உரக்க வாசிக்கச் செய்தனர். அவருக்கான ஊதியத்தைத் தொழிலாளர் தம் கூலியிலிருந்தே கொடுத்தனர். கைகள் இலையைச் சுற்ற, செவிகள் உலகைக் கற்றன. ஆள்வோர் இதன் பொருளை உணரத் தாமதிக்கவில்லை: 1866இலேயே கியூபாவின் ஸ்பானிய ஆட்சி அவ்வாசிப்பைத் தடைசெய்தது; 1931இல் புளோரிடாவின் தம்பா நகரத்து முதலாளிகளும் வாசிப்போரை வெளியேற்றினர்.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க ஏனையோர் கேட்டபடி தொழில் செய்த வழக்கம் இருந்தது. ஹவானாவை அறியாமலே எம்மவரும் அதே வழியைக் கண்டனர். ஒரே வகையான உழைப்பு ஒரே வகையான பசியை எழுப்பிற்று போலும்.

சுவையை இலைக்கும் மண்ணுக்கும் உரிய இயல்பாக மட்டும் காண்போர் பாதியையே காண்கின்றனர். கிண்ணத்திலும் சுருட்டிலும் எழும் புகை, பீற் வெட்டியவனதும் இலை உலர்த்தியவனதும் அடுப்பிலே பிறந்ததாகும். அவர்களை விடுத்து எழுதப்படும் சுவையின் வரலாறு, வெறும் விலைப்பட்டியலேயன்றி வரலாறாகாது.