ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஜாதகம் கணித்த கதை

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் விரிசலைப் பார்த்தால், "போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?" என்றுதான் யாரும் கேட்போம். எங்கள் தொழிலில் கேட்பது வேறு: இதுவரை எத்தனை அச்சு இதன்மேல் போயிருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் விடை தேடியது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவாவில். 1958 முதல் 1960 வரை, ஆறு வளையமாக ரோடு போட்டு, ராணுவ டிரைவர்களை வைத்து லாரி ஓட்டினார்கள். சுமார் 11 லட்சம் அச்சுகள் ஓடின. ஒரு வளையத்தில் மட்டும் வண்டியே விடவில்லை; வெயிலும் பனியும் தனியாக என்ன செய்கின்றன என்று பார்க்கத்தான்! கிடைத்தது நான்காம் படி விதி. அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. அப்படிப் பார்த்தால் நம்ம கார்கள் ரோட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. மணல் லாரிதான் யமன்.

ஆனால் அங்கே மண் பனியில் உறையும். இங்கே சித்திரை வெயிலில் தார் இளகும். அந்தக் கணக்கு இங்கே அப்படியே செல்லுமா?

இந்திய சாலை காங்கிரஸ் 1970-ல் ஐ.ஆர்.சி. 37 வழிகாட்டியை வெளியிட்டது. 3 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளை எண்ணினால் போதும் என்றது. செங்கல் லாரியும் பஞ்சு லாரியும் ஒன்றே! 1984-ல்தான் 8.16 டன் அச்சு அலகாக வந்தது. 2001 பதிப்பில், நம் நாட்டு ரோடுகளில் அளந்து அமைத்த சமன்பாடுகள் வந்தன. தார் அடுக்கின் அடிப்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எவ்வளவு இழுபடுகிறது என்பதே அவற்றின் உயிர். கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிறோமே, அதே சங்கதி. விரிசல் அடியில் பிறந்து மேலே வருகிறது. நம் கண்ணில் படும்போது அதற்கு வயசாகிவிட்டிருக்கும். பரப்பில் 20 சதவீதம் விரிந்தால் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு.

2018-ல் மத்திய அரசு, நான்கு டயர் ஒற்றை அச்சின் உச்சவரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 ஆக்கியது. சுமை 13 சதவீதம்தான் கூடியது. நான்காம் படி போட்டுப் பாருங்கள், சேதம் 60 சதவீதத்தைத் தாண்டும். பழைய வரம்பை நம்பிப் போட்ட ரோடுகளுக்கு யார் பதில் சொல்வது?

அடுத்தது தண்ணீர். மண் ஆய்வகத்தில் சி.பி.ஆர். மோல்டை நான்கு நாள் ஊறவைத்தது ஞாபகம் இருக்கா? நந்திவரம் ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில், வடிகால் அடைத்துக்கொண்டால் நான்கு நாளோடு நிற்குமா?

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை: கல்லூரி வாசல் ரோட்டில் 100 மீட்டர் எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்னும் பின்னும் விரிசலை அளந்து நோட்டில் குறித்து வையுங்கள். டேப்பும் சாக்பீஸும் போதும். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அந்த நோட்டைக் கேட்பேன்.