நியூ லனார்க்கின் நான்கு நிறங்கள்

தொழிலாளர் நலம் என்றாலே ராபர்ட் ஓவனை நினைவுகூர்கிறோம். ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பருத்தி ஆலையை அவர் 1800இல் பொறுப்பேற்றபோது, அங்கிருந்தோர் அவரை நம்பவில்லை. சீர்திருத்தம் என்பது கூடுதல் வேலை வாங்கும் தந்திரமோ என்று ஐயுற்றனர். (அந்த ஐயத்தில் பிழையிருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.) அந்தப் பத்தாண்டிலேயே அமெரிக்கப் பருத்தி வரத்துத் தடைப்பட்டு ஆலை நான்கு மாதம் நின்றது. எந்திரங்களைத் துடைத்து வைத்ததற்கே முழுக்கூலி கொடுத்தார் ஓவன். நம்பிக்கை அதன்பிறகுதான் பிறந்தது.

பத்து வயதுக்குட்பட்ட சிறாரை வேலைக்குச் சேர்ப்பதை நிறுத்தினார். 1816இல் பள்ளி திறந்தார். வேலைநேரத்தையும் பத்தே முக்கால் மணியாகக் குறைத்தார். இவை எல்லோரும் எழுதுவன.

நம்மை உறுத்துவது வேறொன்று. ஒவ்வொருவர் அருகிலும் நான்கு பக்கமும் வண்ணம் பூசிய சிறு மரக்கட்டை ஒன்று தொங்கியது. கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. முந்தைய நாளின் நடத்தை எதுவோ, அதற்குரிய நிறம் முன்னே திருப்பப்பட்டிருக்கும். கறுப்பு ஆகத் தாழ்ந்தது. அடியில்லை, வசையில்லை, ஓவன் கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், கடந்து போவார். இன்றைய அலுவலக மதிப்பெண் தாள்களுக்கு இதுவே பாட்டனாரோ? ஆனால் ஒரு வேறுபாடு: மேற்பார்வையாளர் இட்ட நிறம் அநீதி என்று பட்டால், தொழிலாளி நேரே ஓவனிடமே முறையிடலாம்.